ஓடுகிற ஸ்கிரிப்ட் காப்பாற்றாது

“ராத்திரி ரெண்டு மணிக்கு ஸ்கிரிப்ட் தானா ஓடிடும் சார், பேக்கப்புங்கிற நினைப்பே எனக்கு இல்ல” என்று போன வாரம் ஒரு இளைஞர் பெருமையாகச் சொன்னார். மென்பொருள் வேலையில் இருப்பவர். அந்த பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பையாவது திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். “அதான் தினமும் ஓடுதே?” என்றார். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

2017 ஜனவரி 31 இரவு கிட்லேபில் நடந்தது போதாதா? உலகமெங்கும் உள்ள நிரலாளர்கள் தங்கள் நிரல்களை நம்பி வைத்திருக்கும் நிறுவனம் அது. துணை சர்வரில் அழிக்க வேண்டியதைக் களைத்துப்போன ஒரு பொறியாளர் முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். கையை எடுப்பதற்குள் சுமார் 300 ஜிபி போய்விட்டது. பேக்கப்பைத் தேடினால் அது இருக்க வேண்டிய இடம் காலி. தானியங்கி வேலை ஒவ்வொரு நாளும் சொன்ன நேரத்துக்குக் கிளம்பியிருந்தது. ஆனால் தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6, நகலெடுக்கும் கருவி 9.2. பதிப்பு பொருந்தாததால் ஒவ்வொரு நாளும் தோற்றது. தோல்வியைச் சொல்லக் கிளம்பிய மின்னஞ்சல்களையும் அஞ்சல் சர்வர் ஏற்கவில்லை. ஒருவருக்கும் தெரியாது.

கடைசியில் கைகொடுத்தது எது? வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்து வைத்த நகல்! கால அட்டவணை கைவிட்டது, மனிதக் கை காப்பாற்றியது. சம்பளம் கொடுத்துப் பொறியாளர்களை வைத்திருக்கும் கிட்லேபுக்கே இந்தக் கதி என்றால், இணையத்தில் பார்த்து எழுதிய நாலு வரி ஸ்கிரிப்டை நம்பி அப்பாவின் கடைசிப் புகைப்படங்களை விட்டுவைப்பது என்ன துணிச்சல்?

இரண்டு மணிக்கு உங்கள் லேப்டாப் மூடிக் கிடந்தால், ஸ்கிரிப்டை நேரத்துக்குக் கிளப்பிவிடும் கிரான் ஓடாது. விட்டதை மறுநாள் ஓட்டவும் ஓட்டாது. வெளி ஹார்ட்டிஸ்க்கைச் செருக மறந்தால், பல ஸ்கிரிப்டுகள் அந்தப் பெயரில் இருக்கும் வெற்று ஃபோல்டருக்குள், அதே வட்டிலேயே, எல்லாவற்றையும் எழுதித் தள்ளும். வட்டு போனால் அசலும் நகலும் போகும். நகலெடுக்கும் கருவியான ஆர்சிங்கில் டிலீட் விருப்பத்தைப் போட்டு வைத்திருப்பவர்கள் இன்னும் மோசம். பகலில் தவறி அழித்த கோப்பை ராத்திரி நகலிலிருந்தும் அது ஒழுங்காக அழித்துக் கொடுக்கும். எதற்கும் பிழைச்செய்தி உங்கள் கண்ணில் படாது, கிட்லேபில் படாதது போலவே.

போன்காரர்களும் சளைத்தவர்கள் அல்ல. ‘சிங்க்’ ஆகிறது என்றால் பத்திரம் என்று நினைக்கிறார்கள். போனில் அழித்தால் மேகத்திலும் அழிகிறது. அதற்குப் பெயர் பேக்கப்பா? இடம் அடைக்கிறது என்று அழித்துவிட்டுப் பிள்ளையின் காதுகுத்துப் படங்களைத் தேடி அழுதவர்களை எனக்குத் தெரியும்.

கற்றுக்கொடுப்பவர்கள் மேல்தான் என் பெரிய கோபம். கிரானின் அட்டவணையான கிரான்டேபில் ஐந்து நட்சத்திரக் குறிகளை எங்கே போடுவது என்று விலாவாரியாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மீட்டெடுத்துப் பார் என்று ஒரு வரி சொல்வதில்லை. கிட்லேப் தன் தோல்வியை மறைக்கவில்லை. மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டியது, பிறகு நடந்ததை முழுக்க எழுதியும் வைத்தது. அதையெல்லாம் படித்த ஆசிரியர்கள் இன்றைக்கும் ஸ்கிரிப்ட் பிழையில்லாமல் முடிந்ததும் பாடத்தை முடித்துவிடுகிறார்கள்.