வெள்ளத்தில் துண்டிக்கப்படாத வழி

கன்சோல் சர்வர் என்பது ரவுட்டர், சுவிட்ச் முதலியவற்றின் சீரியல் போர்ட்டுகளை ஒரே பெட்டியில் இணைத்து, தொலைவிலிருந்தே அவற்றை இயக்க வழிசெய்யும் கருவி. நெட்வொர்க் முடங்கினாலும் மின்சாரம் இருக்கும்வரை சீரியல் போர்ட் வேலை செய்யும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது, தாமிரபரணி கரைபுரண்டது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் ஒன்று பயணிகளோடு சிக்கி நின்றது. அப்படியொரு நாளில் எந்தப் பொறியாளரும் நேரில் போய் கேபிள் செருக முடியாது.

அமைப்பது எளிது. போர்ட்டின் வேகம் கருவியின் வேகத்தோடு ஒத்துப்போக வேண்டும். பல சிஸ்கோ கருவிகளில் அது 9600 பாட். பிசகினால் திரையில் குப்பை எழுத்துகளே வரும். டெல்நெட்டை மூடி எஸ்எஸ்எச் மட்டும் வைப்பது கட்டாயம், ஏனெனில் இந்தப் பெட்டியைப் பிடித்தவர் எல்லாக் கருவிகளின் வாசலிலும் நிற்கிறார். பெரும் பிழை பாதையில்தான் நேர்கிறது. பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூருக்கு நெட்வொர்க் போகும் அதே ஃபைபரில் கன்சோல் சர்வரையும் இணைத்தால், ஃபைபர் அறுந்ததும் நெட்வொர்க், கன்சோல் வழி இரண்டும் போய்விடும். தனி 4ஜி மோடம் வேண்டும். செல்போன் கோபுரமும் ஓயக்கூடிய ஆற்றோர ஊர்களில் செயற்கைக்கோள் இணைப்பே சரி. பெட்டியும் பேட்டரியும் வெள்ளம் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். மாற்றுப்பாதையை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஒருமுறை சோதித்துவிட வேண்டும்.