வெள்ளத்துக்குப் பொறுப்பாளி யார்? மேட்டு நில முடிவுகளும் மரக்காணத்துச் சேரிகளும்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த பின்னும் விலகிச் செல்லாமல் பல மணி நேரம் அப்பகுதியிலேயே நிலைகொண்டு பெய்தது. மறுநாள் காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழையும், புதுச்சேரியில் 48 சென்டிமீட்டருக்கும் அதிகமான மழையும் பதிவாயின. மரக்காணம், வானூர், திண்டிவனம் வட்டாரங்களில் ஏரிகள் நிரம்பி வழிந்தன, உப்பளங்கள் மூழ்கின, தாழ்வான குடியிருப்புகளில் நீர் புகுந்தது.

"வரலாறு காணாத மழை" என்ற ஒரே விளக்கம் எல்லாத் தரப்பிலிருந்தும் வந்தது. மழையின் அளவைப் பொறுத்தவரை அது பொய்யன்று. ஆனால் அந்தச் சொற்றொடர் உச்சரிக்கப்பட்ட கணத்திலேயே வேறு எந்தக் கேள்விக்கும் இடமில்லாமல் போகிறது. மழை எல்லோர் மீதும் பெய்தது. நீர் ஏன் சிலரது வீடுகளுக்குள் மட்டும் நாட்கணக்கில் தங்கியது? அதற்கு மேட்டில் எடுக்கப்பட்ட முடிவுகள் எந்த அளவுக்குக் காரணம்? அம்முடிவுகளுக்குச் சட்டப்படி யார் பொறுப்பு? இவற்றையே இக்கட்டுரை எழுப்புகிறது.

நீர் இறங்கும் வழி

மரக்காணத்தின் நில அமைப்பைப் புரிந்துகொள்ளாமல் இதைப் பேச முடியாது. மேற்கே திண்டிவனம், வானூர் வட்டங்களின் செம்மண் மேடுகள். அங்கு விழும் மழை ஓடைகளாகவும் ஏரிச் சங்கிலியாகவும் கிழக்கே இறங்கிக் கழுவெளியை அடைகிறது. புலிக்காட்டுக்கு அடுத்தபடியாகத் தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி என்று அறியப்படும் கழுவெளி, 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாகவும், 2024 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. ஐயாயிரம் ஹெக்டேருக்கும் அதிகமான இந்நீர்ப்பரப்பிலிருந்து கடலுக்குச் செல்ல ஒரு குறுகிய உப்புநீர் ஓடையும் இடையன்திட்டுக் கழிமுகமுமே வழி. கடல் ஏற்றத்தின்போது இவ்வழி அடைபடுகிறது. புயல் நாட்களில் கடல் பொங்கி நிற்கையில், மேட்டிலிருந்து வரும் நீர் பின்னோக்கித் தேங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆகவே இக்கரையில் வெள்ளத்தின் அளவை முடிவு செய்வது மழை மட்டுமன்று. மேட்டிலிருந்து நீர் எவ்வளவு விரைவாக இறங்குகிறது என்பதும் ஆகும். இரண்டு வாரங்களில் இறங்க வேண்டிய நீர் இரண்டு நாட்களில் இறங்கினால், கழிமுகம் அதை விழுங்காது. தாழ்ந்த நிலத்தின் வீடுகள்தாம் விழுங்கும்.

ஏரிச் சங்கிலியின் வேலையே இந்த வேகத்தைக் குறைப்பதுதான். மேலேரி நிரம்பிக் கலங்கல் வழியே வழிந்து கீழேரிக்கு வரும். அது நிரம்பிய பின்னரே அடுத்ததற்குப் போகும். பாசனத்துக்காக வெட்டப்பட்டவையென்றாலும், இவை வெள்ளத்தைத் தவணை முறையில் கீழே அனுப்பும் அமைப்பாகவும் இயங்கின. ஏரி தூர்ந்து, வரத்துக்கால்வாய் மறைந்தால், மழைநீர் ஒரே தவணையில் வந்து சேரும்.

மேட்டில் நடந்தது என்ன?

50 சென்டிமீட்டர் மழை என்றால் ஓர் ஏக்கர் நிலத்தில் ஏறத்தாழ 20 லட்சம் லிட்டர் நீர். அதில் எவ்வளவு மண்ணில் இறங்கும், எவ்வளவு வழிந்தோடும் என்பதை அந்த நிலத்தின் மேற்பரப்பு தீர்மானிக்கிறது. வரப்பும் மரமும் உள்ள நிலம் ஒரு பங்கைப் பிடித்து வைக்கும். மேல்மண் சுரண்டப்பட்ட செம்மண் மேடு, கருங்கல் குவாரியின் கழிவுக் குவியல், தார்ச்சாலை போட்டு எல்லைக்கல் நட்ட மனைப்பிரிவு ஆகியவை அதைப் பிடித்து வைப்பதில்லை. நீருடன் மண்ணையும் சேர்த்தே கீழே அனுப்புகின்றன. அந்த மண் ஏரியின் கொள்ளளவைக் குறைக்கிறது; அடுத்த மழைக்கு ஏரி இன்னும் சீக்கிரம் வழிகிறது.

இந்த மாற்றங்கள் அனைத்தும் இப்பகுதியில் கண்முன் நடப்பவை. வானூர் வட்டத்தில் திருவக்கரையைச் சுற்றிக் கல் குவாரிகளும் கிரஷர்களும் இயங்குகின்றன. சாலைப் பணிகளுக்கும் மனை நிரப்பலுக்கும் கிராவல் மண் லாரி லாரியாகப் போகிறது. திண்டிவனம், புதுச்சேரி சாலைகளை ஒட்டி மனைப்பிரிவுகள் பெருகியுள்ளன. திண்டிவனத்துக்கு அருகே சிப்காட் தொழிற்பூங்கா உருவாகியிருக்கிறது. இவற்றில் எதுவும் தனித்து நின்று ஒரு சேரியை மூழ்கடித்துவிடாது. எல்லாம் சேர்ந்து நீரின் வேகத்தை மாற்றுகின்றன.

மேட்டைச் சீர்செய்தால் பள்ளம் தப்பும் என்பதற்கும் இதே வட்டாரத்தில் சான்று உண்டு. 1968-இல் ஆரோவில் தொடங்கப்பட்டபோது அந்தச் செம்மண் மேடு, மழைநீர் அறுத்த ஆழமான ஓடைப் பள்ளங்களுடன் மரமின்றிக் கிடந்தது. வரப்புகள், சிறு தடுப்பணைகள், மர நடவு ஆகியவற்றால் ஓடும் நீர் அங்கேயே நிறுத்தப்பட்டது. நிலமும் பணமும் கையில் இருந்தவர்களால் அது முடிந்தது என்பதை மறக்க வேண்டியதில்லை. ஆனால் வேலை மிக எளியது. மண்வெட்டியும் கூடையும் போதும். நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஏரியிலும் வரப்பிலும் உழைத்தவர்களுக்கு அதைச் செய்யத் தெரியும்.

ஓர் எதிர்வாதத்தை இங்கே நேர்மையுடன் ஏற்க வேண்டும். ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் பெய்தால் எந்த வரப்பும் எந்த ஏரியும் முழுவதையும் தாங்காது. உண்மை. ஆனால் முழங்கால் அளவு நீருக்கும் இடுப்பளவு நீருக்கும் இடையே, ஒரு நாள் தேங்குவதற்கும் ஐந்து நாள் தேங்குவதற்கும் இடையே இருக்கும் வேறுபாடுதான் ஏழையின் அரிசி மூட்டையையும், பிள்ளையின் பள்ளிப் புத்தகத்தையும், மண்சுவரையும் காப்பாற்றுகிறது. அந்த வேறுபாட்டை மேட்டு நில நிர்வாகம் தீர்மானிக்கிறது.

பள்ளத்தில் ஏன் சேரி?

தலித் குடியிருப்பு பள்ளத்தில் இருப்பது தற்செயலன்று. ஊர் மேட்டிலும் சேரி வாய்க்காலோரத்திலும் என்பது சாதி வகுத்த நில வரைபடம். நவீன அரசு அந்த வரைபடத்தை அழிக்கவில்லை; பல இடங்களில் அதற்குப் பட்டா கொடுத்தது. ஆதிதிராவிடர் வீட்டுமனைக்காக நிலம் கையகப்படுத்த 1978-ஆம் ஆண்டின் 31-ஆம் சட்டம் இயற்றப்பட்டது. நோக்கம் உயர்ந்தது. நடைமுறையில், சாலையோரத்து மேட்டு நிலம் கேட்கப்பட்டால் எதிர்ப்பும் வழக்கும் எழுந்தன; எவரும் எதிர்க்காத நிலம் என்பது பெரும்பாலும் விளையாத, நீர் தேங்கும் நிலமாகவே இருந்தது. வீடு கான்கிரீட் ஆயிற்று, தரைமட்டம் மாறவில்லை.

"காலனி" என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் அறிவித்தார். வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் பெயர்ப்பலகை மாறிய பிறகும் நீர் அதே தெருவுக்குத்தான் வரும்.

மரக்காணத்தில் இன்னொரு சுமையும் உண்டு. தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்துப் பேசப்படும் இவ்வூரின் உப்பளங்கள் மூவாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்டவை. அவற்றில் உழைப்போரில் கணிசமானோர் தலித்துகள். மழைக்காலத்தில் உப்பு விளையாது, கூலியும் இல்லை. அம்மாதங்களுக்கெனக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் வழங்கும் மாநில அரசின் திட்டம் ஒன்றே ஆதரவு. வெள்ளம் வருவது துல்லியமாக அந்த வருமானமற்ற மாதங்களில். மேட்டிலிருந்து வரும் சேறு பாத்திகளில் படிந்தால், தை மாதத்தில் வேலை தொடங்குவதும் தள்ளிப்போகிறது. ஒரே நீர் வீட்டையும் கூலியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறது.

சட்டம் யார் பக்கம் சாய்கிறது?

1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு ஒரு பழைய விதியை எடுத்துக்காட்டாகச் சொல்கிறது: மேட்டு நிலத்தில் இயல்பாக விழும் நீர், கீழ் நிலத்துக்கு இயல்பாக வழிந்தோட அனுமதிக்கப்பட வேண்டும் என்பது மேட்டு நிலத்தாரின் உரிமை. இவ்வுரிமை "இயல்பாக" என்ற சொல்லின் மீதே நிற்கிறது. குவாரி வெட்டி, ஓடையைத் தூர்த்து, மனை நிரப்பி அனுப்பப்படும் நீர் இயல்பான நீர் அன்று. ஆனால் உரிமை மட்டும் நிலைத்து, நிபந்தனை மறக்கப்பட்டுவிட்டது.

1874-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்த்த ஒரு வழக்கும் நினைவுகூரத்தக்கது. கார்வேட்நகர் ஜமீன்தாரின் ஏரிகள் உடைந்து மதராஸ் ரயில்வே கம்பெனியின் பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன. கம்பெனி இழப்பீடு கோரியது. ஜமீன்தாரின் கவனக்குறைவு மெய்ப்பிக்கப்படாததால் கோரிக்கை தோற்றது. இத்தீர்ப்பின் அடிப்படைதான் முக்கியம்: மக்களின் வாழ்வுக்காக ஏரிகளைப் பேணிக் காப்பது அவருக்கு மரபுவழி வந்த கடமை என்பதால், கவனக்குறைவு இல்லாதவரை அவர் பொறுப்பாளி ஆகமாட்டார். பேணும் கடமை இருந்ததால்தான் அந்தப் பாதுகாப்பு கிடைத்தது. இன்று 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடமும், மற்றவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் உள்ளன. தூர் வாராமலும் கலங்கலைச் சீர்செய்யாமலும் விட்டுவிட்டு "இயற்கைப் பேரிடர்" என்ற பாதுகாப்பை மட்டும் கோர முடியாது.

நீர்நிலைகளைக் காக்க நீதிமன்றங்கள் கடுமையாகவே பேசியுள்ளன. 2001-இல் உச்சநீதிமன்றத்தின் ஹிஞ்ச்லால் திவாரி தீர்ப்பு, 2005-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் எல்.கிருஷ்ணன் தீர்ப்பு, 2007-இல் தமிழக அரசின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் என இது ஒரு நீண்ட வரிசை. நடைமுறையில் இவற்றின் முழு வேகமும் எளிதில் இறங்குவது ஏரிக்கரைக் குடிசைகள் மீதுதான். ஏரி இருந்த பகுதியில் எழுப்பப்பட்ட விழுப்புரம் பேருந்து நிலையம் ஃபெஞ்சல் மழையில் மூழ்கியது. ஆனால் ஆக்கிரமிப்பாளர் என்ற சொல் அதைக் கட்டியவர்களுக்குப் பயன்படுத்தப்படுவதில்லை.

சிறு கனிமக் குவாரிகளின் கதையும் இதுவே. ஐந்து ஹெக்டேருக்குக் குறைவான குத்தகைகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தேவை என்று 2012-இல் தீபக் குமார் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. துண்டு துண்டாகப் பிரித்து உரிமம் பெறுவதால் ஒட்டுமொத்தப் பாதிப்பு மறைக்கப்படுவதையும் சுட்டிக்காட்டியது. ஆனால் பெரும்பாலான சிறு குவாரிகளுக்குப் பொது விசாரணை கிடையாது. நடந்தாலும், குவாரிக்கு அருகில் இருப்பவரே பாதிக்கப்பட்டவராகக் கருதப்படுகிறார். பத்துக் கிலோமீட்டர் கீழே, நீர் சென்று நிற்கும் தெருவில் இருப்பவர் அந்தக் கோப்பில் இல்லை.

2013 ஏப்ரல் 25 அன்று மரக்காணத்தில் தலித் வீடுகள் எரிக்கப்பட்டன. அதற்கு வழக்கு பதிவாயிற்று. குற்றம் என்று பெயர் இருந்தது. நீரில் ஊறி இடிந்த சுவருக்கு வழக்கு எண் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஜி) பிரிவு, பட்டியல் சாதியினர் தம் நிலம், வளாகம், நீர் ஆகியவற்றின் மீதான உரிமையை அனுபவிப்பதில் குறுக்கிடுவதையும் குற்றமாக்குகிறது. ஊரைக் காக்கக் கரையை வெட்டி நீரைச் சேரிக்குத் திருப்புவதும், போக்குக்கால்வாயை வேண்டுமென்றே அடைப்பதும் இப்பிரிவுக்குள் வரக்கூடியவை என்பது என் வாதம். கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியருக்கு 4-ஆம் பிரிவு இருக்கிறது. வெள்ள நாட்களில் இப்பிரிவுகள் எவர் நினைவுக்கும் வருவதில்லை.

நிவாரணமும் பொறுப்பும்

ஃபெஞ்சலுக்குப் பின் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2,000 ரூபாயும், சேதமடைந்த குடிசைகளுக்கு 10,000 ரூபாயும், பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாயும் மாநில அரசு அறிவித்தது. ஒன்றிய அரசு பேரிடர் நிதியிலிருந்து 944.80 கோடி ரூபாய் விடுவித்தது. இந்தப் பட்டியல் நிலம் உள்ளவரின் இழப்பை ஹெக்டேரில் அளக்கத் தெரிந்த பட்டியல். கூலியை இழந்தவருக்கும், நீரில் ஊறிய பழைய தொகுப்பு வீட்டுக்கும் அதில் அளவுகோல் இல்லை. நிவாரணத்தில் சாதிப் பாகுபாடு கூடாது என்று பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61-ஆம் பிரிவு சொல்கிறது. வெளிப்படையாக விலக்குவது மட்டுமே பாகுபாடன்று. தலித்துகளிடம் இல்லாத ஒன்றை அளவுகோலாக வைப்பதும் பாகுபாடுதான்.

வரவிருக்கும் சாலை

இவை கடந்த காலக் கணக்கு மட்டும் அல்ல. மரக்காணம் – புதுச்சேரி இடையே 46 கிலோமீட்டர் நான்குவழிச் சாலைக்கு 2,157 கோடி ரூபாய் மதிப்பில் 2025 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. சாலை வடக்கு தெற்காகச் செல்வது. நீர் மேற்கிலிருந்து கிழக்கே செல்வது. உயர்த்திப் போடப்படும் சாலை, போதிய சிறுபாலங்கள் இல்லாவிட்டால், ஒரு நீண்ட அணைதான். அதற்கான மண்ணும் ஜல்லியும் மேட்டிலிருந்தே எடுக்கப்பட்டால், நீரை விரைந்து அனுப்பும் வேலையும் அதைத் தடுத்து நிறுத்தும் வேலையும் ஒரே திட்டத்தில் நடந்துவிடும்.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. கழுவெளி நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும் ஓர் அலகாகக் கொண்டு, குவாரி உரிமம், மனைப்பிரிவு அனுமதி, சாலை வடிவமைப்பு ஆகிய ஒவ்வொன்றிலும் கீழ்ப்பகுதிக் குடியிருப்புகளுக்கு ஏற்படும் விளைவு எழுத்தில் பதிவாக வேண்டும். அக்குடியிருப்புகளின் மக்கள் விசாரணைக்கு அழைக்கப்பட வேண்டும். ஏரிச் சங்கிலியைச் சீர்செய்யும் பணி மேலேரியிலிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு சேரியின் தரைமட்டமும் 2024-இல் நீர் நின்ற உயரமும் அளந்து ஆவணப்படுத்தப்பட வேண்டும். இடம்பெயர விரும்புவோருக்கு, அதே ஊரின் எல்லைக்குள், மீட்கப்படும் பஞ்சமி நிலத்தில் உள்ள மேட்டு மனைகளே தரப்பட வேண்டும். தொலைதூரக் குடியமர்த்தல் தீர்வாகாது.

இவற்றுக்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. சுவரில் நீர் நின்ற கோட்டைச் சுண்ணாம்பால் குறித்து, தேதியிட்டுப் படமெடுத்து, கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றுவதை அடுத்த மழைக்கு முன்பே செய்யலாம். மேட்டில் ஒரு குவாரிக்கோ மனைப்பிரிவுக்கோ விண்ணப்பம் வரும்போது, அந்தக் கோட்டின் படம் அந்தக் கோப்பில் ஆட்சேபணையாகச் சேர வேண்டும். "வரலாறு காணாத மழை" என்ற பதிலுக்கு எதிராக நம்மிடம் இருக்கப்போகும் முதல் சாட்சியம் அதுவே.