அச்சாரம் போனது போனதுதானா?

வெம்பக்கோட்டை, தாயில்பட்டி, ஏழாயிரம்பண்ணை போன்ற பட்டாசு ஊர்கள் பக்கம் வீடோ மனையோ வாங்குவது என்றால், பத்திர அலுவலகத்துக்கு வெகு முன்பே காரியம் பாதி முடிந்துவிடும். நல்ல நாள் பார்த்து, தரகரை நடுவில் உட்கார வைத்து, வெற்றிலை பாக்குத் தட்டில் பணத்தை வைத்துக் கொடுப்பார்கள். பழைய ஆட்கள் அதை அச்சாரம் என்பார்கள். இப்போது அட்வான்ஸ். மூன்று மாதக் கெடு. கெடுவுக்குள் மீதிப் பணம் புரளவில்லை என்றால், ஊரே ஒரே குரலில் தீர்ப்புச் சொல்லிவிடும்: "அட்வான்ஸ் போனது போனதுதான்."

பணம் ஏன் புரளவில்லை என்பதை அந்தத் தீர்ப்பு கேட்பதில்லை. பட்டாசு ஆலையில் செய்த வேலையின் எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவரிடம் வங்கி கேட்கிற சம்பளச் சீட்டு இருக்காது. மனைக்கு டி.டி.சி.பி. என்கிற நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் இருக்காது. தாய்ப்பத்திரத்தில் ஒரு வாரிசின் கையெழுத்து விடுபட்டிருக்கும். 2018 அக்டோபரில் பட்டாசு குறித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், நவம்பரில் ஆலைகள் மூடப்பட்டு மாதக்கணக்கில் வேலை இல்லாமல் போனதே, அப்படி ஒரு காலத்தில் கெடு வைத்தவர் கதி என்ன? இந்தக் காரணங்களில் சில வாங்குபவரின் பொறுப்பு, சில விற்பவரின் பொறுப்பு, சில யாருடைய பொறுப்பும் அல்ல. நம் ஊர் வழக்கத்திலோ எல்லாவற்றுக்கும் ஒரே விலை.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1949-ல் டெல்லியில் ஒரு பங்களாவுக்கு 1,12,500 ரூபாய் விலை பேசினார்கள். அச்சாரமாக 1,000 ரூபாய், பிறகு 24,000 ரூபாய் கைமாறியது. வியாபாரம் முறிந்ததும் 25,000 முழுவதும் தனக்கே என்றார் விற்க இருந்தவர். 1963-ல் ஃபதே சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்கவில்லை. ஆயிரம் ரூபாயை வைத்துக்கொள்ளலாம். 24,000 ரூபாய் விலையின் ஒரு பகுதி, அதைப் பறிப்பது தண்டனை, இழப்புக்கு நியாயமான ஈடு மட்டுமே கிடைக்கும் என்றது. அச்சாரம் என்றும் முன்பணம் என்றும் தமிழில் இரண்டு சொற்கள் இருப்பதற்கு அர்த்தம் உண்டு. வாக்குக்கு அடையாளமாகக் கொடுப்பது ஒன்று. விலையில் ஒரு பங்கை முன்கூட்டியே கட்டுவது வேறொன்று. இரண்டையும் 'அட்வான்ஸ்' என்ற ஒரே பையில் போட்டதில் நஷ்டப்பட்டவர் வாங்குபவர்தான்.

விற்பவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அச்சாரம் வாங்கியதால் அவர் வேறு ஆளைத் திருப்பி அனுப்பியிருப்பார். அந்தப் பணத்தை நம்பி மகள் கல்யாணத்துக்கு நாள் குறித்திருப்பார். 70 லட்ச ரூபாய் சொத்துக்கு 7 லட்சம் அச்சாரம் கொடுத்துவிட்டு மீதியைக் கட்டாதவர் அதை இழக்க வேண்டியதுதான் என்று சதீஷ் பத்ரா வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆனால் 2015-ல் கைலாஷ் நாத் வழக்கில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டெல்லி வளர்ச்சி ஆணையம் 1982-ல் ஏலம் விட்ட மனைக்கு விலை 3.12 கோடி. கட்டிய 78 லட்சத்தைப் பிடித்துக்கொண்டு, அதே மனையை 1994-ல் 11.78 கோடிக்கு விற்றது ஆணையம். ஒப்பந்தத்தை மீறியது நீங்கள், நஷ்டமும் உங்களுக்கு இல்லை, பிறகு எதற்குப் பறிமுதல் என்று கேட்டு, 9 சதவீத வட்டியோடு திருப்பித் தரச் சொன்னது நீதிமன்றம்.

பெரு நகரத்து அடுக்குமாடியில் வாங்குபவருக்கு இன்னும் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு. 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுமான நிறுவனம் வாங்கக் கூடாது. கோத்ரெஜின் குருகிராம் திட்டம் ஒன்றில் 20 சதவீதத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள். ஒருதலைப்பட்சம், 10 சதவீதம் போதும் என்ற தேசிய நுகர்வோர் ஆணையத்தின் முடிவை 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. வட்டியை மட்டும் நீக்கியது. ஆனால் வெம்பக்கோட்டையில் பழைய ஓட்டு வீட்டைப் பக்கத்துத் தெருக்காரரிடம் வாங்குகிறவருக்கு இந்தச் சட்டம் உதவாது. அவருக்கு உள்ளது உரிமையியல் நீதிமன்றம்.

அங்கும் கண் திறந்து போக வேண்டும். பெங்களூர்ச் சொத்து ஒன்றுக்கு 2007-ல் 20 லட்சம் கொடுத்தவர், கிரயம் செய்து தரச் சொல்லி வழக்குப் போட்டார். அது கிடைக்காவிட்டால் பணத்தையாவது திருப்பித் தர வேண்டும் என்று மனுவில் ஒரு வரி கேட்கவில்லை. 2025 மே மாதம் கே.ஆர்.சுரேஷ் வழக்கின் தீர்ப்பு வந்தபோது கிரயமும் இல்லை, பணமும் இல்லை. குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் (Specific Relief Act) 22-வது பிரிவு அந்த வரியைக் கேட்டாக வேண்டும் என்கிறது. பதினெட்டு வருட அலைச்சல், ஒரு வரி விட்டுப்போனதில் முடிந்தது. இன்னொரு பக்கம், பலருக்குத் தெரியாத ஓர் உரிமை 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்திலேயே கிடக்கிறது. வாங்குபவர் தக்க காரணத்தோடு விலகினால், கொடுத்த பணத்துக்கு அந்தச் சொத்தே ஈடு.

ரொக்கமாகக் கொடுக்கிற பழக்கம்தான் இதில் பெரிய ஓட்டை. 2015 ஜூன் முதல் அசையாச் சொத்துக்கான அட்வான்ஸாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அப்படி ரொக்கம் வாங்கியவருக்கு அதே தொகை அபராதமாக விழலாம். தட்டில் கட்டுக்கட்டாக வைப்பது பார்க்க மங்கலமாக இருக்கும். நாளைக்கு 'நான் வாங்கவே இல்லை' என்று ஒருவர் சொன்னால், சாட்சிக்கு வெற்றிலையைக் கூப்பிட முடியாது.

சிங்கப்பூரில் கட்டுமான நிறுவனத்திடம் வீடு முன்பதிவு செய்து, குறித்த காலத்தில் ஒப்பந்தம் போடாமல் விலகினால், முன்பதிவுத் தொகையில் கால் பங்கு போகும், முக்கால் பங்கு திரும்பி வரும். பேரம் பேச வேண்டியதில்லை, விதியிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவை வற்புறுத்துகிற அரசு, உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பதையும் வற்புறுத்தலாமே. இதில் எவ்வளவு அச்சாரம், எவ்வளவு முன்பணம்? வங்கி எழுத்து மூலம் கடன் மறுத்தால் எவ்வளவு திரும்பும்? வில்லங்கம் தெரிய வந்தால் எத்தனை நாளில் முழுத் தொகை? விற்பவர் பின்வாங்கினால் எவ்வளவு கூடுதல்? இந்த நாலு கேள்விக்கும் பதில் நிரப்பாத ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் திருப்பி அனுப்பட்டும். அதற்கு ஒரு சுற்றறிக்கை போதுமா, விதித் திருத்தம் வேண்டுமா என்பதைப் பதிவுத் துறை பார்த்துக்கொள்ளட்டும். அதுவரை பத்திர எழுத்தர்கள் தாங்களாகவே கேட்டு எழுதலாம். தீபாவளி போனஸை எண்ணி வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அந்த நாலு வரியைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை.