கால் சுளுக்குக்கு எம்ஆர்ஐயா? முதல்ல காலைத் தொட்டுப் பாருங்க!

1) போன வாரம் ஓபியில் ஒரு அக்கா. சித்தாள் வேலை. படியில் இறங்கும்போது கால் மடங்கி, கணுக்கால் வீங்கியிருக்கு. கையில் பெரிய கவர், உள்ளே எம்ஆர்ஐ ஃபிலிம். "ஜவ்வு கிழிஞ்சிருச்சாம் சார், ஆபரேஷன் பண்ணணுமா?" தோட்டை அடகு வச்சு எடுத்த ஸ்கேன் அது.

2) நான் கேட்டது ஒரே கேள்விதான். "ஸ்கேன் எழுதினவங்க காலை அமுக்கிப் பார்த்தாங்களாக்கா?" "இல்ல சார், வீக்கத்தைப் பார்த்ததும் எழுதிட்டாங்க." இந்தப் பதில்தான் என்னை இதை எழுத வச்சது.

3) நீங்க ஜவ்வுன்னு சொல்ற லிகமென்ட், எலும்பை எலும்போடு இணைக்கும் நார். பாதம் உள்பக்கமா மடங்கினா, வெளிப்பக்க நார்கள் இழுபடும் அல்லது கிழியும். இது எக்ஸ்ரேயில் தெரியாது. எலும்பு முறிஞ்சிருக்கான்னு பார்க்கத்தான் எக்ஸ்ரே. அதனால "எக்ஸ்ரே நார்மல், ஒண்ணுமில்ல போங்க"ன்னு அனுப்புறதும் தப்பு.

4) அந்த எக்ஸ்ரேகூட எல்லாருக்கும் தேவையில்லை. 1992-ல் கனடாவின் ஓட்டாவா நகர டாக்டர்கள் இதுக்கு ஒரு விதி கொடுத்தாங்க. கணுக்காலின் இரண்டு பக்கமும் துருத்தி நிற்கும் எலும்பின் நுனியிலும், பின் ஓரத்தில் 6 செ.மீ. வரையிலும் அமுக்குங்க. பாதத்தின் நடு உள்பக்கம், சுண்டுவிரல் எலும்பின் அடிப்பகுதி, அங்கேயும் அமுக்குங்க. அடிபட்ட உடனேயும், இப்பவும், 4 அடி வைக்க முடியுதான்னு கேளுங்க. எலும்பில் வலி இல்லை, நடக்கவும் முடியுதுன்னா முறிவுக்கு வாய்ப்பு மிக மிகக் குறைவு. செலவு பூஜ்யம்.

5) விதிவிலக்கு உண்டு. சின்னக் குழந்தைகள், குடிபோதையில் இருப்பவர், சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர். இவங்க "வலிக்கல"ன்னு சொன்னா நம்பாதீங்க, எக்ஸ்ரே எடுங்க.

6) சரி, எம்ஆர்ஐயில் கிழிசல் தெளிவா தெரியுமே? தெரியும். ஆனா வைத்தியம் மாறுமா? பெரும்பாலும் மாறாது. முழுசா கிழிஞ்சிருந்தாலும் முதலில் செய்வது ஐஸ், கட்டு அல்லது பிரேஸ், காலை உயர்த்தி வைப்பது, பிறகு உடற்பயிற்சி. முதல் நாள் வீக்கத்திலும் வலியிலும் சோதிப்பது கஷ்டம். 4, 5 நாள் கழிச்சு திரும்ப வரச்சொல்லி, குதிகாலைப் பிடிச்சு முன்னால் இழுத்துப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிஞ்சிடும்.

7) எம்ஆர்ஐ வேண்டாம்னு நான் சொல்லல. கணுக்காலுக்கு மேலே இரண்டு எலும்பையும் சேர்க்கும் நார் கிழிஞ்ச சந்தேகம், மூட்டின் குருத்தெலும்பு அடிபட்ட சந்தேகம், 6-8 வாரம் ஆகியும் தீராத வலி. இங்கே அது கட்டாயம் வேணும். தேவையில்லாத ஸ்கேன்கள் வரிசையை அடைச்சா, தேவைப்படுறவர்தான் காத்துக் கிடக்கணும்.

8) "பேஷன்ட்டே ஸ்கேன் கேட்கிறாங்க டாக்டர்"னு சக மருத்துவர்கள் சொல்வாங்க. ஏன் கேட்கிறாங்க? நாம தொட்டுப் பார்க்கிறதில்லை, அதான். நானும் யோக்கியன் இல்லை. கூட்டம் நெருக்கும்போது காலைத் தொடாமலே எக்ஸ்ரே சீட்டு எழுதியிருக்கேன். சீட்டு எழுத 10 செகண்ட், அமுக்கிப் பார்க்க 2 நிமிஷம். அந்த 2 நிமிஷத்தை மிச்சம் பிடிச்சு அந்தச் செலவை உங்க தலையில் கட்டுறோம்.

9) அந்த அக்கா நொண்டிக்கிட்டே 4 அடி நடந்தாங்க. எலும்பில் வலி இல்லை. ஆபரேஷன் வேண்டாம்னதும் அழுதுட்டாங்க. கையில் எம்ஆர்ஐ இருந்துச்சு, ஆனா ஒத்தக்காலில் நிற்கும் பேலன்ஸ் பயிற்சியை யாரும் சொல்லித் தரல. அதை விட்டா கால் திரும்பத் திரும்ப மடங்கும். சுமை தூக்குறவங்களுக்கு அது பிழைப்புப் பிரச்சனை.

10) அதனால உங்களுக்கு ரெண்டே விஷயம். கால் பிசகினா உருவி விடாதீங்க, எண்ணெய் போட்டு நீவாதீங்க. யாராவது ஸ்கேன் எழுதினா தயங்காம கேளுங்க: "டாக்டர், இந்த ரிசல்ட்டால என் வைத்தியம் மாறுமா?" மாறும்னா காரணம் கேட்டுட்டு எடுங்க. மாறாதுன்னா தோடு காதிலேயே இருக்கட்டும்.