ஏரியில் துடுப்பு விழ வேண்டும்

பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் காலை நடைக்குச் செல்லும் நம் வாடிக்கையாளர்கள், மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவினரின் பயிற்சிப் படகுகளை எப்போதேனும் கண்டிருப்பார்கள். அப்படைப்பிரிவின் வளாகம் ஏரியை ஒட்டியே அமைந்துள்ளது. அதே ஏரியில்தான் 2016ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. படகோட்டத் தகுந்த நீரும் உயிர் வாழத் தகாத நீரும் ஒன்றாகவே இருக்கக்கூடும் என்பதை அன்று இந்நகரம் கண்டது.

இதை எழுதத் தூண்டியது வேறோர் ஏரி. நகரின் கிழக்கு ஓரத்தில், அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே கிடக்கும் சிறிய ஏரி அது. எங்கள் கிளை ஊழியர்கள் சிலர், குடியிருப்போர் சங்கத்தின் ஒப்புதலோடு, காற்றடைத்த இரண்டு கயாக் படகுகளை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே இறங்கினோம். ஐம்பது அடி தாண்டுவதற்குள் துடுப்பு நின்றுவிட்டது. கரையிலிருந்து பார்த்தபோது ஊதா நிறப் பூக்களாகத் தெரிந்த ஆகாயத்தாமரை, கிட்டச் சென்றபோது பாய் விரித்தாற்போல் இறுகிக் கிடந்தது. வேரைப் பிடித்து இழுத்தால் பால் உறைகளும் குட்கா உறைகளும் பூஜைத் துணிகளும் கூடவே வந்தன. ஓரிடத்தில், கரைந்துபோன விநாயகர் சிலை ஒன்றின் கம்பிச் சட்டம் நீருக்கடியில் நின்று எங்கள் படகைக் கிழித்திருக்கும்; நூலிழையில் தப்பினோம்.

அன்று பதினேழு மூட்டைகள் அகற்றினோம். படமும் எடுத்துக்கொண்டோம். ஆறு வாரம் கழித்துச் சென்று பார்த்தபோது, நாங்கள் இறங்கிய இடமே அடையாளம் தெரியவில்லை.

வணிகவியல் படித்த எங்களுக்கு இது புரியாத கணக்கன்று. ஆகாயத்தாமரை சாதகமான சூழலில் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் இரு மடங்காகப் பெருகும். ஏரியின் பத்தில் ஒரு பங்கை மட்டும் விட்டுவைத்தாலும் இரண்டாம் வாரம் பத்தில் இரண்டு, நான்காம் வாரம் நான்கு, ஆறாம் வாரம் எட்டு. கூட்டு வட்டியின் வேகத்தை வாடிக்கையாளருக்கு விளக்க இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குக் கிடைத்ததில்லை. அதற்கு உரமாவது நம் வீட்டுக் கழிவுநீரிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும். ராஜகால்வாய்கள் வழியே சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் வந்துகொண்டிருக்கும்வரை, செடியை அகற்றுவது அசலைத் தொடாமல் வட்டி மட்டும் கட்டுவதைப் போன்றதே.

ஆயினும் அந்த ஏரியில் ஒரு பாதை மட்டும் தெளிந்திருந்தது. வடகரையிலிருந்து நடு ஏரி வரை, ஒரு பரிசல் செல்லுமளவு அகலம். அங்கே மீன் பிடிக்கும் பெரியவர் ஒருவர் நாள்தோறும் அவ்வழியே போய் வருகிறார். “நான் தனியாக ஒன்றும் சுத்தம் செய்வதில்லை சார். வழியில் வருவதைத் தள்ளிவிட்டுப் போவேன், அவ்வளவுதான்” என்றார். எங்கள் பதினேழு மூட்டைகள் செய்யாததை அவருடைய துடுப்பு செய்திருந்தது. அன்றாடம் புழங்கும் நீரில் அழுக்கு சேர்ந்தாலும் அது தங்குவதில்லை. சேர்ந்தது யாருடைய கண்ணிலாவது அன்றே படுகிறது என்பதும் அதற்குச் சமமான பயன்.

ஏரிகளுக்கு இன்று பணம் வராமல் இல்லை. நிறுவனங்கள் சட்டம் 2013-இன் 135ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அத்தகைய நிதியால் 2017இல் 36 ஏக்கர் கியாலசனஹள்ளி ஏரி தூர்வாரப்பட்டது இந்நகரின் நற்செய்திகளுள் ஒன்று. ஆனால் நிதி பெரும்பாலும் ஒருமுறைச் செலவாகவே வருகிறது. தூர்வாரும் இயந்திரத்துக்குப் பணம் தருவோர் பலர். மூன்றாம் ஆண்டில் இரு ஆட்களின் கூலிக்குத் தருவோர் அரிது. பராமரிப்புக்கு ஒதுக்கீடு இல்லாத சொத்தை எந்த வங்கியும் நல்ல பிணையாக ஏற்பதில்லை. ஏரிக்கு மட்டும் ஏன் அந்த விதிவிலக்கு?

பராமரிப்பையே பொழுதுபோக்காக மாற்றிய ஊர்கள் உண்டு. கோபன்ஹேகனில் 2017இல் தொடங்கிய கிரீன்கயாக் திட்டத்தில் கயாக் படகு இலவசம். திரும்பும்போது நீரிலிருந்து எடுத்த குப்பையைக் கொண்டுவர வேண்டும் என்பதே நிபந்தனை. அவ்வளவு தொலைவு போவானேன்? கேரளத்தில் நிலம்பூரிலிருந்து கோழிக்கோட்டை நோக்கிச் சாலியாற்றில் 68 கிலோமீட்டரை மூன்று நாட்களில் துடுப்பிட்டுச் செல்லும் பயணம் 2015 முதல் நடந்து வருகிறது. செல்வோர் வழியெங்கும் நெகிழிக் கழிவைச் சேகரிக்கின்றனர்.

இதற்கு மறுப்பும் உண்டு. அதை நாங்கள் லேசாகக் கருதவில்லை. படகுச் சவாரி என்றதும் ஒப்பந்ததாரர், மோட்டார்ப் படகு, நுழைவுச் சீட்டு, சுற்றுவேலி என்று வரிசையாக வந்துவிடும்; முதலில் வெளியேற்றப்படுபவர் அந்தப் பரிசல்காரராகவே இருப்பார். அவருடைய பாதையை முதலில் குறித்துவிட்டு, மீதியில் துடுப்புப் படகுக்கு மட்டுமே இடம் என்பது எங்கள் கருத்து. எல்லாவற்றையும் வழித்தெடுப்பதும் தவறு. ஆற்றில் குறுக்கே விழுந்த மரம் படகோட்டிக்கு ஆபத்தானது; கிளைகளின் ஊடே நீர் போகும், ஆள் சிக்கிக்கொள்வார். ஆனால் அதே மரம் மீன்குஞ்சுகளுக்கு வீடு. ஆகவே ஒரு படகு செல்லும் அகலத்துக்கு மட்டும் வெட்டிவிட்டு மீதியை விட்டுவைப்பதே முறை. ஏரிக்கரைக் கோரைக்கும் இதே நியாயம் பொருந்தும்.

இன்னொன்றையும் மறைப்பதற்கில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தரவரிசையில் குளிக்கத் தகுந்த நீர் ‘பி’ வகுப்பு. பெங்களூரு ஏரிகள் பெரும்பாலும் ‘டி’, ‘இ’ வகுப்புகளிலேயே நிற்கின்றன. படகில் போகலாம், கவிழத்தான் கூடாது! உயிர்காப்பு அங்கியும் கையுறையும் இல்லாமலும், உடலில் காயத்தோடும் யாரும் இறங்க வேண்டாம். குழந்தைகளை இப்போதைக்குக் கரையிலேயே நிறுத்தி வையுங்கள்.

தமிழ் வாசகர்களுக்கு இதில் கூடுதல் பங்குண்டு. அல்சூர், பெல்லந்தூர், வர்த்தூர் எனத் தொடரும் நீர் தென்பெண்ணையில் கலந்து, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குவதைச் செய்திகளில் கண்டிருப்பீர்கள். நகரின் மேற்குப் பகுதிக் கழிவு விருஷபாவதி வழியே அர்க்காவதியிலும், பின் காவிரியிலும் சேர்கிறது. 2018 ஜனவரியில் பெல்லந்தூர் ஏரிப்பகுதி தீப்பற்றியபோது அணைக்க ராணுவ வீரர்கள் வர வேண்டியிருந்தது. இங்கே வீட்டை விற்று அங்கே நிலம் வாங்கியவர்களும் அதே நீரின் கரையில்தான் இருக்கிறார்கள்.

எங்கள் குழு இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஏரிக்குச் செல்கிறது. மூட்டைக் கணக்கை விட்டுவிட்டோம். பெரியவரின் பாதையை ஒட்டி இரண்டாவது பாதை ஒன்று திறந்திருக்கிறது. நீர்வரத்து வாய்க்காலின் முகத்தில் குப்பையைத் தடுக்கக் கயிற்றில் மிதவைகள் கட்டியிருக்கிறோம். சென்ற மழையில் அது அறுந்தது. இந்த முறை தடித்த கயிறு வாங்கியாகிவிட்டது. முடிச்சுப் போடும் முறையைப் பெரியவர் கற்றுத்தருவதாகச் சொல்லியிருக்கிறார்.