பிள்ளை வீட்டுக்குப் போகும் அம்மாமாருக்கு

சித்திரை பிறந்துவிட்டாற் கொள்ளுப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பல வீடுகளிற் பெட்டி கட்டும் அலுவல் தொடங்கிவிடும். மகனோ மகளோ நோர்வேயில். பேரப்பிள்ளைக்கு இரண்டு வயது. வந்து மூன்று மாதம் இருந்துவிட்டுப் போங்கள் என்று அழைப்பு. மிளகாய்த் தூளும் ஒடியலும் பருத்தித்துறை வடையும் பெட்டிக்குள் அடைபடுகின்றன. ஆனால், போகின்ற அம்மா அந்த மூன்று மாதமும் அங்கே என்ன செய்யப் போகிறார் என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அதைப் பற்றியே இவ்வாரம் சகோதரிகளுடன் சிறிது உரையாட விரும்புகிறேன்.

நோர்வேக்கும் நமக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று. யாழ்ப்பாணத்துக் குருநகரைச் சேர்ந்த அந்தோனி இராஜேந்திரம் 1956ஆம் ஆண்டிலேயே அந்நாட்டை அடைந்து மீன்பிடித் தொழிலைக் கற்றார். அவரது முயற்சியின் பயனாகவே காரைநகரிற் 'சீநோர்' நிறுவனம் எழுந்தது. பின்னர் 1970களிலும் 1980களிலும் நம் இளைஞர் பலர் அந்நாட்டு மக்கள் உயர்பள்ளிகளில் மாணவராகச் சேர்ந்தனர். 1983ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர் அகதிகளாகச் சென்றோர் பலர் வடகோடியிலுள்ள பின்மார்க் மாகாணத்து மீன் தொழிற்சாலைகளில் உழைத்தனர். யாழ்ப்பாணத்திற் பிறந்து, மூன்று வயதில் அந்நாடு சென்ற கம்சாயினி குணரத்தினம், 2015இல் ஒஸ்லோ மாநகரத் துணை மேயராகவும், 2021இல் நாடாளுமன்ற உறுப்பினராகவும் தெரிவானார். நம்மவர் அம்மண்ணில் இவ்வளவு வேரூன்றிய பின்னரும், பார்க்கச் செல்லும் தாய்மாரிற் பலர் நான்கு சுவர்களை மாத்திரம் பார்த்துவிட்டுத் திரும்புகின்றனர்.

என் தோழி ஒருவர், கொள்ளுப்பிட்டியில் வசிப்பவர், ஒஸ்லோவிலுள்ள மகனிடம் சென்றிருந்தார். மகனும் மருமகளும் காலையில் வேலைக்குப் போய்விடுவர். குழந்தை பாலர் பள்ளிக்குப் போய்விடும். தொடர்மாடியில் ஒரு சத்தமுமில்லை. இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் அடங்காத அந்நாட்டிற் பகல் மிக நீண்டது. "எப்போது ஊர் திரும்புவேன் என்று நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார்.

ஒருநாள் மாடிப்படியருகே ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டது. அந்த வார இறுதியில் 'டுக்னாட்' என்று அதில் எழுதியிருந்தது. "அம்மா, வெளியே குளிர், நீங்கள் மேலே இருந்து கோப்பி குடியுங்கோ" என்று சொல்லிவிட்டு மகன் இறங்கிப் போனார். யன்னலாற் பார்த்த தாய்க்கு நெஞ்சு திக்கென்றது. பொறியியல் படித்த பிள்ளை, கையில் விளக்குமாற்றுடன் பொது முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்! பக்கத்தில் ஒரு வைத்தியரும் பேருந்துச் சாரதியும் குப்பை அள்ளிக்கொண்டிருந்தனர்.

டுக்னாட் என்பது அயலவர் கூடிச் செய்யும் கூலியில்லாத பொது வேலை. உதவி என்னும் பொருள்கொண்ட பழஞ்சொல் ஒன்றிலிருந்து வந்தது. முற்காலத்திற் கமக்காரர் ஒருவர் வீட்டுக் கூரைக்கும் வைக்கோலுக்கும் அயலார் வந்து கைகொடுத்த வழக்கமே இன்று நகரங்களில் இவ்வுருவில் நிலைத்திருக்கிறது. 2004ஆம் ஆண்டில் நோர்வேத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில், நாட்டின் சிறப்பைக் காட்டும் சொல்லாக மக்கள் இதனையே தெரிந்தெடுத்தனர். பனிக்காலத்தில் வழுக்காதிருக்கப் பாதைகளிற் சிறு கற்களைத் தூவுவர். வசந்தத்திற் பனி உருகியதும் அவற்றைக் கூட்டி அள்ளவேண்டும். பூம்பாத்தி கொத்தி, வாங்குகளுக்கு வர்ணம் பூசி, வேலை முடிந்ததும் யாவரும் ஒன்றாய் அமர்ந்து கோப்பி குடிப்பர்.

இதில் நமக்குப் புதுமை என்ன இருக்கிறது? யாழ்ப்பாணத்திற் கிடுகு வேலி அடைக்கும் நாளில் அயலட்டை முழுவதும் திரண்டு வரவில்லையா? வீடு வேயும்போது ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயும் நின்று ஓலை எடுத்துக் கொடுக்கவில்லையா? தோழிக்கும் இந்நினைவு வந்திருக்கவேண்டும். மேலங்கியை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போய், ஒரு விளக்குமாற்றைக் கையில் எடுத்தார். மகன் தடுத்தும் கேட்கவில்லை. கீழ்வீட்டில் வசிக்கும், அவரிலும் மூத்த ஒரு மூதாட்டி, ஒன்றும் பேசாமற் சாக்கின் வாயை விரித்துப் பிடித்தார். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. வேலை முடியும்வரை அது தேவைப்படவுமில்லை. மறுநாள் முதல் படியிற் காணும் எவரும் அவருக்குத் தலையசைத்து முகமன் கூறினர்.

நோர்வே மக்கள் தாமாக வந்து கதவைத் தட்டுபவர் அல்லர். பேருந்திற் பக்கத்தில் இருப்பவரோடும் பேசமாட்டார்கள். இதைக் கண்டு, வேற்றினத்தவர் என்று ஒதுக்குகிறார்கள் என நம்மவர் மனம் நோவதுண்டு. அவர்களிற் பலர் தம்முள்ளேயும் அப்படித்தான். பேச்சினால் திறக்காத அந்தக் கதவு சேர்ந்து செய்யும் வேலையினால் திறக்கிறது. டுக்னாட்டுக்கு வராத குடும்பத்தை அயலார் மனத்திற் குறித்துக்கொள்வதும் உண்டு. ஆகவே, தாயார் இறங்கி நிற்பது அவருடைய பொழுதுபோக்கு மாத்திரமன்று. அங்கே வாழப்போகும் பிள்ளைக்கும் பேரனுக்கும் அது துணை.

போகும் சகோதரிகள் மனத்திற் கொள்ளவேண்டியவை இன்னும் சில. வீட்டுக்குள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நுழைவது அவர்களுக்கும் வழக்கம். இது நமக்கு இலகு. பேரப்பிள்ளை ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைத்தால் அதட்டவேண்டாம். அங்கே அது மரியாதைக் குறைவன்று. குழந்தையைத் தள்ளுவண்டியிற் போர்த்து, குளிர்காற்றிலே வெளியில் உறங்கவிடுவார்கள். பாலர் பள்ளியில் மழையிலும் விளையாட விடுவார்கள். பார்க்க நெஞ்சு பதறும். ஆயினும் மருமகளோடு இதற்காகச் சண்டை பிடிக்காதீர்கள். பாடசாலை வாத்தியக் குழுவுக்குப் பணம் சேர்க்கப் பழம்பொருட் சந்தை வைப்பார்கள்; அதற்கு நீங்கள் சுடும் உழுந்து வடையும் பற்றிஸும் நல்ல பங்களிப்பாகும்.

மே 17ஆம் நாளுக்கு அங்கே நிற்கக் கிடைத்தால் மிக நன்று. 1814இல் எய்ட்ஸ்வோல் என்னுமிடத்தில் அரசியலமைப்பு நிறைவேறிய நாள் அது. ஒஸ்லோவில் அன்று அரண்மனைக்கு முன்னாற் செல்வது சிறுவர் ஊர்வலம். 1870இல் ஆண்பிள்ளைகளோடு மாத்திரம் தொடங்கிய இவ்வூர்வலத்திற் பெண்பிள்ளைகள் 1889இல் இடம்பெற்றனர். பேரப்பிள்ளை கொடி பிடித்து வரும்போது வீதியோரத்திற் சேலையுடன் நின்று கையசையுங்கள். அவரவர் ஊருக்குரிய உடையை அவர்களே பெருமையுடன் அணிந்து நிற்கும் நாள் அது.

கொழும்பிலிருந்த நோர்வேத் தூதரகம் 2023ஆம் ஆண்டு யூலை மாத இறுதியில் மூடப்பட்டுவிட்டது. ஆகையால் விசா அலுவலை நன்கு முன்கூட்டியே தொடங்குங்கள். எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் அவற்றுள் 90 நாட்களே தங்கலாம். அந்தத் தொண்ணூறு நாட்களை யன்னலருகே கழித்துவிடாதீர்கள்.

திரும்பி வந்த தோழி சொன்ன ஒரு செய்தி என்னை வருத்தியது. கொள்ளுப்பிட்டியில் அவர் இருக்கும் தொடர்மாடியில், எதிர்க்கதவுக்குள் வசிக்கும் மூதாட்டியின் பெயர் அவருக்குத் தெரியாதாம். அந்த அம்மையாரின் பிள்ளைகளும் வெளிநாட்டிலேயே. இரவில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் மற்றவர் அறியமாட்டார். பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் எத்தனையோ தாய்மார் இந்நகரில் இப்படி வாழ்கின்றனர்.

நமக்கும் வழி தெரியாததன்று. ஆசிரியராயிருந்த ஏ. ரி. ஆரியரத்தின 1958இல் மாணவரை ஒரு பின்தங்கிய கிராமத்துக்கு அழைத்துச் சென்று தொடக்கிய சிரமதானம் பின்னர் நாடெங்கும் பரவியது. தோழி இப்பொழுது மாதத்தின் முதல் ஞாயிறன்று தம் மாடிப்படியைத் தாமே கூட்டுகிறார். காவலாளி முதலிற் பதறிப்போனாராம். சென்ற மாதம் எதிர்வீட்டு அம்மையார் ஒரு வாளியுடன் வெளியே வந்தார். வேலை முடிந்தபின் இருவரும் சேர்ந்து தேநீர் அருந்தினர். ஒருவர் வீட்டுத் திறப்பு இன்று மற்றவரிடமும் இருக்கிறது. உங்கள் மாடியிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைத் தொடங்கிப் பாருங்கள், சகோதரிகளே.