கணினித் திரையில் தமிழ்: கடைக்காரர் தேர்வா, ஆசிரியர் தேர்வா?

ஒரு பாடநூலைத் தேர்ந்தெடுக்க நேரும்போது நாம் எத்துணை விழிப்போடு நடந்து கொள்கிறோம்! அச்சுப்பிழை உண்டா, தாள் தரமானதா, எழுத்தின் அளவு இளஞ்சிறார் கண்ணுக்கு ஏற்றதா என்றெல்லாம் ஆராய்கிறோம். 1978ஆம் ஆண்டில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கியபோது, ஒரு சில எழுத்துகளின் வடிவம் பற்றித் தமிழறிஞர் பலர் எதிரும் புதிருமாக நின்று வழக்காடினர். மொழியின்பால் அவர்கள் கொண்ட அக்கறைக்கு அது சான்று. ஆனால், இன்றைய மாணவன் படிக்கும் தமிழில் ஒரு பெரும்பகுதி கணினித் திரையின் வழியே அவனை அடைகிறது. அத்திரையில் ஆவணங்களைத் திறந்து காட்டும் மென்பொருளை அவனுக்காகத் தேர்ந்தெடுத்தவர் யார்? பெற்றோரா? ஆசிரியரா? இருவரும் அல்லர், கணினியை விற்ற கடைக்காரர்! இந்நிலை தகாது என்பதே என் வழக்கு.

கெடா மாநிலத்தில் பால்மரக் காடுகளை நம்பி வாழ்ந்த நம் மக்களில் பலர் சுங்கைப் பட்டாணி, கூலிம் போன்ற நகரங்களின் அடுக்கு வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். தோட்டத்தில் எஞ்சியோர் செம்பனைக்கு நடுவே வாழ்கின்றனர். இரு சாராரின் வீட்டிலும் கணினி நுழைந்துவிட்டது. 2020 மார்ச்சு 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடநூலும் பயிற்றியும் பி.டி.எப். கோப்புகளாகவே பிள்ளைகளைச் சென்றடைந்தன. பள்ளிகள் திறந்துவிட்டன, அக்கோப்புகளோ வீட்டை விட்டு அகலவில்லை.

"எந்த மென்பொருளாய் இருந்தால் என்ன? எழுத்துத் தெரிகிறதே, அது போதாதா?" என்று வினவுவோர் நம்மிடையே உளர். போதாது என்பேன். தெரிவது வேறு, இருப்பது வேறு. 1993இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட பி.டி.எப். வடிவம் 2008இல் அனைத்துலகத் தரமாக ஏற்கப்பட்டது. எந்தக் கணினியிலும் பக்கம் ஒரே தோற்றத்தில் அமைய வேண்டும் என்பதே அதன் முதல் நோக்கம். எனவே, அது எழுத்தின் உருவையும் அவ்வுரு நிற்கும் இடத்தையும் பேணுகிறது. அவ்வுரு எந்த எழுத்தைக் குறிக்கிறது என்பதை விளக்கும் அட்டவணை தனியே இணைக்கப்பட வேண்டும். அது விடுபட்டால் அல்லது பிழைபட்டால், கண்ணுக்குத் தமிழ். கணினிக்கோ வெறும் கோடும் சுழியும்.

ஒரு சான்று காண்போம். 'கொடை' என்னும் சொல்லை ஒருங்குறி முறையில் எழுதும்போது ககரம் முன்னும் ஒகரக் குறி பின்னுமாகச் சேமிக்கப்படும். பிழைபட்ட கோப்பிலோ கண்ணில் படும் வரிசையே பதிந்திருக்கும்: முதலில் ஒற்றைக் கொம்பு, பின்னர் ககரம், பின்னர் கால். மாணவன் 'கொடை' என்று தட்டெழுதித் தேடினால், சொல் அவன் கண்முன்னே இருக்க, "இல்லை" என்று விடை வரும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆக்கிய கோப்புகளின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. அவற்றில் 'தமிழ்' என்ற சொல்லைப் படியெடுத்து ஒட்டினால் ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் வந்து நிற்கும். தமிழ் என்னும் பெயருக்கே இக்கதி!

இதனால் நட்டப்படுவோர் யாவர்? பார்வையற்ற மாணவன் முதலில் நட்டப்படுகிறான். கட்டணமின்றிக் கிடைக்கும் என்.வி.டி.ஏ. எனும் திரைவாசிப்பான் தமிழைப் படித்துக் காட்ட வல்லது. ஆனால் எழுத்தென்று அறியப்படாததை அது எங்ஙனம் ஒலிக்கும்? அருஞ்சொல்லை அகராதியில் தேட விழையும் மாணவனும், மேற்கோள் திரட்டும் ஆசிரியரும் அடுத்து நட்டப்படுகின்றனர்.

"இது கோப்பை ஆக்கியவர் குற்றம்; திறந்து காட்டும் மென்பொருள் என் செய்யும்?" என்பர் சிலர். அக்கூற்றில் பாதி உண்மை உண்டு. கோப்பின் குறையை மென்பொருளால் முற்றும் களைய இயலாது. ஆயினும், குறையில்லாக் கோப்பையும் வீணாக்கும் தேர்வு ஒன்று உண்டு. அது தேவையறியாத் தேர்வு. சுமத்ரா என்னும் மென்பொருள் சிறியது, விரைவானது, விளம்பரமற்றது, நிறுவாமலே இயக்கலாம். வெறுமனே படிப்பதற்கும் பழைய கணினிக்கும் அது சாலப் பொருந்தும். ஆனால், விண்டோசு இயங்குதளத்திற்கு மட்டுமே உரியது. பக்கத்தில் குறிப்பெழுதவும் படிவம் நிரப்பவும் வேண்டுமெனில் ஓகுலர் உண்டு. அது லினக்சிலும் விண்டோசிலும் இயங்கும். குறைந்த மின்னாற்றல், பழைய கருவியிலும் இயங்கும் தன்மை முதலியவற்றை அளந்து செருமானியச் சுற்றுச்சூழல் முத்திரையை 2022இல் அதற்கு வழங்கினர். இவ்விரண்டும் கட்டணமற்ற கட்டற்ற மென்பொருள்கள். திரைவாசிப்பான் துணையோடு கற்கும் மாணவனுக்கோ அடோபியின் அக்ரோபாட் ரீடரே ஏற்றது. அது கனமானது, கட்டணச் சேவைகளை வாங்குமாறு அடிக்கடி தூண்டுவது என்றாலும், அவன் பொருட்டு அதனை ஏற்கத்தான் வேண்டும். விண்டோசு 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. பழைய கணினியைக் குப்பையில் எறியுமுன், லினக்சும் ஓகுலரும் அதற்கு மறுவாழ்வு தரும் என்பதை ஏழைப் பெற்றோர்க்கு எடுத்துரைக்க யார் இருக்கிறார்கள்?

"இவையெல்லாம் கணினி வல்லுநர் பணி, தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை?" என்னும் சொல்லே எனக்குப் பெருஞ்சினம் ஊட்டுவது. நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கியபோது அப்படி எண்ணவில்லை. 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டத்தைத் தொடங்கிப் பழந்தமிழ் நூல்களை மின்னூலாக்கிய கல்யாணசுந்தரமும் அவருடன் உழைத்த அன்பர்களும் அப்படி எண்ணவில்லை. 2001இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நிகழ்ந்தது. தமிழ்க் கணிமைக்கு இத்துணை பங்களித்த நாட்டின் தமிழாசிரியர், "எனக்குத் தெரியாது" என்று கைவிரிப்பது அழகாகுமா?

ஆசிரியப் பெருமக்களே! பயிற்சி ஆசிரியர்களே! பெருஞ்செலவு எதுவும் வேண்டா. கோப்பொன்று கைக்கு வந்தவுடன் நான்கு சோதனை செய்யுங்கள். ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடுங்கள். ஒரு வரியைப் படியெடுத்து ஒட்டுங்கள். எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். திரைவாசிப்பானைப் படிக்கச் சொல்லுங்கள். பின்னர், மாணவனின் கணினியும் தேவையும் அறிந்து மென்பொருளைப் பரிந்துரையுங்கள். நீங்கள் ஆக்கும் பயிற்றியை ஒருங்குறி எழுத்துருவிலேயே ஆக்குங்கள். எழுத்துருவைக் கோப்புக்குள் பதித்தே அனுப்புங்கள். பதிப்பாளர் பிழைபட்ட கோப்பைத் தந்தால் திருப்பி அனுப்புங்கள். அச்சுப்பிழை மலிந்த நூலை வாங்க மறுக்கும் நாம், தேட இயலாத நூலை மட்டும் ஏன் வாளா ஏற்க வேண்டும்? சுங்கைப் பட்டாணியில் சுல்தான் அப்துல் ஆலிம் ஆசிரியர் கல்விக் கழகத்தில் பயிலும் இளைஞர்கள் இப்பணியைத் தலைமேற்கொண்டால், கெடாவின் ஒவ்வொரு தமிழ்ப்பள்ளிக்கும் இவ்வறிவு சென்று சேரும்.

இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பைத் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு இன்றும் பேசுகிறது. அக்கல்லைப் படிக்க எவருடைய ஒப்புதலும் வேண்டா. எழுத்தறிவு ஒன்றே போதும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு கடந்தும் அத்தமிழ் வாழ்கிறது. அந்தக் கடார மண்ணில் வாழும் நாம் நேற்று ஆக்கிய தமிழ்க் கோப்பு, நாளை நம் பேரப்பிள்ளைக்குப் புரியாக் குறிகளாய்க் காட்சி தருமாயின், அப்பழி கணினியைச் சாராது, கடைக்காரரையும் சாராது. தேர்ந்தெடுக்க வேண்டிய இடத்தில் வாய்மூடி இருந்த நம்மையே சாரும்.